ஏழே முக்கால் அங்குலம்

உங்கள் போனின் இடது மூலையில் தெரிகிற கீறல் கண்ணாடியில் விழுந்தது இல்லை. மேலே ஒட்டியிருக்கிற தாளில்தான் விழுந்திருக்கிறது. அந்தத் தாளை உரித்துவிட்டால் உள்ளே புதிதுபோல இருக்கும். நீங்கள் அதை மேஜையில் வைத்ததிலிருந்து அங்கேதான் என் கண் போய்க்கொண்டிருந்தது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

நடந்தது நடந்தபடி நிதானமாக எழுதச் சொல்லித் தாள்களைக் கொடுத்தீர்கள். நிதானம் எனக்குப் பழகியதுதான். பதினேழு வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். அவசரப்பட்டால் திருகாணியின் தலை தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் போனைத் திறக்கவே முடியாது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

என் கடை எட்டடிக்கு ஆறடி. பின்னால் ஒரு அறை, அதில்தான் இருக்கிறேன். கடைக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் வருவார்கள். அத்தனை பேர் வந்தும் என்ன தனிமை என்று நீங்கள் கேட்கலாம். பழுது பார்க்கிற கடைக்கு வருகிறவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்ப்பார்கள். அந்தக் கை தங்கள் போனை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். சரியானதும் போனைப் பார்த்துக்கொண்டே படி இறங்கிப் போய்விடுவார்கள். என்னிடம் வாரம் ஒருமுறை வருகிற கூரியர்காரர் ஒருநாள் தெருவில் எதிரே வந்தார். நான் சிரித்தேன். யாரோ என்று நினைத்து ஒதுங்கிப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கிரேன் அண்ணன் முதல்முறை வந்தபோது கையில் ஒரு பழைய சின்ன டேப்லெட் இருந்தது. "தம்பி, இது செத்துப்போச்சா, தூங்குதா?" என்று கேட்டார். சார்ஜ் போடுகிற துளையில் தூசி அடைத்திருந்தது. குனிந்தபடி ஊசியால் எடுத்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்லு தம்பி. கீழ பாத்துட்டுச் சொன்னா எனக்குப் பாதிதான் ஏறும்."

நிமிர்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. அப்படி ஒருவர் என்னைப் பார்த்து எத்தனை வருடமாகியிருக்கும் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை வரவில்லை.

அந்தப் பழக்கம் அவருக்கு மகளிடமிருந்து வந்தது. மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அது இரண்டு வயதில்தான் தெரிந்ததாம். சைகை மொழி சொல்லிக்கொடுக்கும் பள்ளி எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் தனக்குத் தெரிந்த ஒரே சைகை மொழியில் குழந்தையோடு பேச ஆரம்பித்துவிட்டார். அவர் சரக்குக் கிடங்கில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் இருக்கிற கூண்டுக்குக் கீழேயிருந்து கத்தினால் கேட்காது. கீழே நிற்கிறவர் கையால்தான் எல்லாம் சொல்வார். விரல் மேலே சுழன்றால் தூக்கு, கீழே சுழன்றால் இறக்கு. ஒரு உள்ளங்கையை மற்றக் கையின் மேல் அசையாமல் பிடித்தால் மெதுவாக. இரண்டு கையையும் அகல விரித்து வீசினால் உடனே நிறுத்து. அந்தக் குழந்தை முதலில் கற்றுக்கொண்ட வார்த்தைகள் இவை. சோற்றுத் தட்டைப் பார்த்து விரலை மேலே சுழற்றுமாம். பிறகு பள்ளிக்குப் போய் முறையான சைகை மொழி கற்றாள், அண்ணனும் கூடவே கற்றார். ஆனாலும் அப்பாவும் மகளும் பேசும்போது பாதி கிரேன்தான்.

மகள் இப்போது வேறு ஊரில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறாள். தினமும் வீடியோவில் பேசுவார்கள். இங்கேதான் அளவு என்பது முக்கியமாகிறது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

போனில் பேசினால் எதிரே இருப்பவரின் விரல்கள் அரிசி அளவில் தெரியும். அண்ணனுக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. பத்து அங்குல டேப்லெட்டில் விரல் நன்றாகத் தெரியும், ஆனால் அது அரைக் கிலோ. ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால்தான் பேச முடியும். அவருடைய இடது மணிக்கட்டை ஒருமுறை இரும்புக் கயிறு நசுக்கியிருந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் எடை தாங்காது, நடுங்கும். மேஜையில் தாங்கி வைத்துப் பேசலாமே என்றால், "முப்பது வருஷம் கூண்டுக்குள்ள உக்காந்தாச்சு. இனிமே நடந்துக்கிட்டேதான் பேசுவேன்" என்பார். கடைத்தெரு, மீன் விற்கிற இடம், புதிதாக வெட்டின பள்ளம், எல்லாவற்றையும் மகளுக்குக் காட்டிக்கொண்டே நடப்பார். ஆகவே போனைவிடப் பெரிதாகவும் உள்ளங்கையில் அடங்குவதாகவும் ஒன்று வேண்டும். அந்தப் பழைய டேப்லெட் அப்படிப்பட்டது. அதைச் செய்த கம்பெனி அந்த அளவையே விட்டுவிட்டது. மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. காரணம் எளிமையானது. போன்கள் வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே வந்து, சின்ன டேப்லெட்டின் இடத்தைக் கீழேயிருந்து தின்றுவிட்டன. விற்காத பொருளை யார் செய்வார்கள்?

இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். மறுநாள் மாலை நாலு மணிக்கு மறுபடி வந்தார், பழுது ஒன்றும் இல்லாமல். "அப்ப அடுத்தது எப்ப வரும்னு நினைக்கிற?" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்தில் நாலைந்து நாள் வருவார். எதிர்க்கடை டீக்கார அக்கா இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைப்பாள். இனிமேல் வரப்போகிற போன், வரப்போகிற டேப்லெட், இதுதான் பேச்சு.

"அடுத்தது முந்நூறு கிராமுக்கு மேல போகக் கூடாது அண்ணே."

"முந்நூறா? இருநூத்தம்பதுல நில்லு. என் மணிக்கட்டு உன் பேச்சக் கேக்காது."

"அவ்ளோ குறைச்சா பேட்டரி சின்னதாயிடும்."

"ஆகட்டும். அந்தக் காலத்துப் போன் மாதிரி முதுகு மூடிய நகத்தால தூக்கி, பேட்டரிய நாமளே மாத்திக்கிற மாதிரி வை. ரெண்டு பேட்டரிய சட்டைப் பையில போட்டுக்கிறேன்."

"அப்படியெல்லாம் இனி யாரும் செய்ய மாட்டாங்க."

"ஆசப்படத்தானே உக்காந்திருக்கோம்? அதுலயும் கஞ்சத்தனமா?"

மடிக்கிற போன்கள் பற்றிய படங்களைக் காட்டினேன். விரித்தால் சின்ன டேப்லெட் அளவு வரும். கீலை நாலைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தார். "மடங்குறது எல்லாம் ஒருநாள் மடங்காம நிக்கும். கிரேன்ல பாத்துட்டேன், இது வேணாம்" என்றார்.

ஒருநாள் அக்கா டம்ளரை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். "வராத சாமானுக்கு உறை தச்சு வச்சிருவீங்க போல ரெண்டு பேரும். ஏம்ப்பா, அது நெசமாவே வந்து சேந்துட்டா அப்புறம் நீங்க என்னத்தப் பேசுவீங்க?"

அண்ணன் டீ சிந்தும்படி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் கேட்டது சரியான கேள்வி. அதை நான் பல நாள் யோசித்தேன்.

புதுக் கருவிகளைப் பற்றிய ரகசியச் செய்திகள் எப்படி வெளியே வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது அதனால்தான் புரியும். கம்பெனிக்காரன் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் மேலுறை செய்கிறவனுக்கு அளவு முன்கூட்டியே போக வேண்டும். கண்ணாடி வெட்டுகிறவனுக்கு மாதிரி போக வேண்டும். ரேடியோ அலைச் சோதனைக்கு அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பட்டியலில் ஒரு எண் வரும். இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் கசியும். கசிந்ததை ஒருவர் படம் பிடித்துப் போடுவார், நூறு பேர் அதை வைத்து ஊகிப்பார்கள். சின்ன டேப்லெட் விரும்புகிறவர்களுக்கு என்று இணையத்தில் நான் ஒரு குழு வைத்திருந்தேன். நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். அதில் வந்ததை அண்ணனுக்குச் சொல்வேன். ஒன்றரை வருடம் அப்படிப் போனது. பிறகு செய்தி வற்றிவிட்டது. எட்டு மாதம் ஒரு துளிகூட இல்லை.

அண்ணன் வருவதும் குறைந்தது. வாரத்துக்கு மூன்று நாள், பிறகு இரண்டு. ஒரு வியாழக்கிழமை வந்து, உட்காராமலே சொன்னார்.

"பாப்பா சொல்றா, பெருசாவே ஒன்னு அனுப்பறேன், ஸ்டாண்டு போட்டு உக்காந்து பேசுன்னு. சரி, போகட்டும்னு பாக்குறேன் தம்பி. எத்தன நாள்தான் காத்துக் கிடக்கிறது?"

"அவசரப்படாதீங்க அண்ணே."

"அவசரமா? கிழவனாயிட்டேன்யா."

அவர் போன பிறகு கடையை மூடவில்லை, ஆனால் வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருடைய கையை நான் முன்பே ஒருநாள் விளையாட்டாக அளந்து வைத்திருந்தேன். கட்டைவிரல் நுனிக்கும் மற்ற விரல்களின் மடிப்புக்கும் நடுவே நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர் வரை பிடிக்க முடியும். அந்த அகலத்துக்கு என்ன திரை வரும் என்று கணக்குப் போட்டேன். மூலைக்கு மூலை ஏழே முக்கால் அங்குலம். அந்த அளவில் ஒரு அக்ரிலிக் தகட்டை வெட்டினேன். ஓரங்களைத் தேய்த்து வளைத்தேன், கேமராவுக்கு ஒரு துளை போட்டேன், உள்பக்கம் கறுப்பு அடித்தேன். இரண்டு மாலை வேலை. ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் கலங்கலாகப் படமெடுத்தேன். தெளிவான படத்தை யாரும் நம்ப மாட்டார்கள். 'கண்ணாடிக்காரன்' என்று புதுப் பெயர் ஒன்றை உண்டாக்கி, கண்ணாடி வெட்டும் ஆலையில் வேலை செய்வதாகச் சொல்லிக் குழுவில் போட்டேன்.

மறுநாள் நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டார். படி ஏறும்போதே மூச்சு வாங்கியது.

"தம்பி, உக்காரு. உக்காந்துட்டியா? வருதாம்."

"என்னது அண்ணே?"

"ஏழே முக்கா. கண்ணாடியே வெட்டிட்டானாம். படம் போட்டிருக்கான் பாரு."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். நான் எழுதியதைத்தான் வாசித்தார், ஆனால் அவர் குரலில் அது வேறு மாதிரி இருந்தது. அவ்வப்போது நிமிர்ந்து, என் முகத்தில் சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. இன்னொருமுறை வாசிக்கச் சொன்னேன்.

அன்றைக்கே மகளுக்குப் பெரியது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரு பொய்யைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போலத்தான். மூன்று வாரத்துக்கு ஒரு சின்னத் தகவல் போதும். எடை இருநூற்று எழுபது கிராம். முதுகு மூடி கழற்றுகிற மாதிரி. சொன்ன மாதம் நெருங்கினால் ஒரு தடங்கல் சொல்ல வேண்டும்: ஓரத்தில் ஒட்டுகிற பசை வெப்பத்தில் இளகுகிறது, அதனால் ஆறு வாரம் தள்ளிவிட்டார்கள். காரணம் துல்லியமாக இருந்தால் ஜனங்கள் தாமதத்தை மரியாதையோடு ஏற்றுக்கொள்வார்கள். குழு மூவாயிரம் பேராக வளர்ந்தது. எல்லாரும் ஒருவருக்கொருவர் ஆசையைச் சொல்லிக்கொண்டார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன்.

நாலாவது மாதம் அண்ணனின் டேப்லெட் திரையில், நடுவில், ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தது. பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பேட்டரி உப்ப ஆரம்பித்திருந்தது.

அது ஏன் உப்புகிறது என்று சொல்கிறேன். பேட்டரிக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், நடுவே அதைவிட மெல்லிய ஒரு சவ்வு, மூன்றும் பாய் சுருட்டியது போலச் சுருட்டி ஒரு வெள்ளிப் பையில் திரவத்தோடு அடைத்திருக்கும். வயதானால் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகும். வெயிலில் வைத்த பால் பாக்கெட் போலப் பை உப்பும். உப்பிய பையை அழுத்தக் கூடாது, வளைக்கக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. நடுவில் இருக்கிற சவ்வு எங்காவது ஓரிடத்தில் கிழிந்தால் இரண்டு தகடும் தொட்டுவிடும். பிறகு பற்றுகிற தீ தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று அடங்காது. என் கடை வாசலில் ஒரு மணல் வாளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேறு யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் பேட்டரியைக் கழற்றி அந்த மணலில் புதைத்துவிடுவேன்.

அவருடைய மாடலுக்குப் பேட்டரி இப்போது வருவதில்லை என்பது உண்மை. அதே அளவில் வேறொரு மாடலின் பேட்டரியைப் பொருத்த முடியும் என்பதும் உண்மை. பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், புதுப் பேட்டரி போட்டால் அது இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடும். நன்றாக ஓடுகிற ஒன்று கையில் இருக்கும்போது, வரப்போகிறதைப் பற்றி விசாரிக்க யார் தினமும் வருவார்கள்?

"கொஞ்சம் உப்பியிருக்கு அண்ணே. பயப்பட ஒன்னுமில்ல. ஆனா தினம் நாலு மணிக்குக் கொண்டாங்க, அளந்து பாத்துத் தரேன்."

"தினமுமா?"

"தினமும்."

"பிரஷர் பாக்கிற மாதிரியா? சரிங்க டாக்டர்."

அன்றிலிருந்து என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார். ஒருநாளும் தவறாமல் வந்தார். நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிற நோட்டில் இருப்பது அந்த அளவுகள்தான். கையெழுத்து என்னுடையது. உப்பாதபோது அந்த டேப்லெட்டின் தடிமன் ஒன்பது மில்லிமீட்டர். முதல் நாள் பத்து. ஒரு மாதத்தில் பதினொன்றரை. இரண்டாம் மாதக் கடைசியில் பதிமூன்று புள்ளி ஆறு. வெர்னியர் அளவுகோலால் ஒரே இடத்தில், நடுவில், அழுத்தாமல் அளந்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்காக யாரும் இதைக் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு இடைவெளி தெரிந்தபோது, அவர் பார்த்துப் பதறக் கூடாதென்று சுற்றிலும் கறுப்புப் பட்டை ஒட்டினேன். தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மகளிடம் என் எண் இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது என்றால் கூப்பிட இந்த ஊரில் அவளுக்கு வேறு யாருமில்லை. ஒருநாள் செய்தி அனுப்பினாள்: "அண்ணா, அப்பா சாப்பிடும்போது மேஜையில் வைத்துப் பேசினால் படம் படகு மாதிரி ஆடுகிறது. அதன் முதுகு உப்பியிருக்கிறதா?"

கண்ணாலேயே உலகத்தைக் கேட்கிறவள். வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. மேஜை ஆடுகிறது, கால் ஒன்று குட்டை என்று பதில் எழுதினேன். டேப்லெட்டைத் தினமும் நானே சோதிக்கிறேன் என்றும் எழுதினேன். அதில் இரண்டாவது உண்மை. நன்றி அண்ணா என்று எழுதி, கூடவே ஒரு சைகையை வீடியோவாக அனுப்பினாள். விரல் மெதுவாகக் கீழே சுழன்றது. என்ன அர்த்தம் என்று அண்ணனிடம் கேட்டேன். "பத்திரமா இறக்கிட்டே, போதும்னு அர்த்தம்" என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நிஜமாகவே ஒன்று வந்துவிட்டது.

பெயர் தெரியாத ஒரு சின்னக் கம்பெனி. முன்கூட்டி எந்தக் கசிவும் இல்லாமல் சத்தமில்லாமல் விற்பனைக்கு விட்டார்கள். ஏழே முக்கால் அங்குலம். என் படத்தையும் அந்த மூவாயிரம் பேரின் ஆசையையும் பார்த்துவிட்டுத்தான் செய்தார்களோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குப் பிடித்திருந்தது. குழுவில் ஒருவர் செய்தியைப் போட்டார். குழு என் பொறுப்பில் இருந்ததால் உடனே அதை நீக்கிவிட்டு, பழைய சரக்கைப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், ஏமாற வேண்டாம், நம்முடையது இன்னும் ஆறு வாரத்தில் வருகிறது என்று எழுதினேன். அண்ணன் குழுவைத் தவிர வேறெங்கும் பார்ப்பதில்லை.

மகள் வேறு இடத்தில் பார்த்துவிட்டாள். ஒன்று வாங்கி, அப்பாவுக்குத் தெரியாமல், என் கடை முகவரிக்கு அனுப்பினாள். "நீங்களே அவர் கையில் கொடுங்கள் அண்ணா. கொடுக்கும்போது எனக்கு வீடியோ போடுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும்."

தீ விபத்துக்குப் பதினொரு நாள் முன்பு பெட்டி வந்தது. என்னைத் தெருவில் அடையாளம் தெரியாத அதே கூரியர்காரர்தான் கொண்டுவந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றே திறந்து பார்த்தேன். எடை இருநூற்றுத் தொண்ணூறு கிராம். நாங்கள் பேசியதைவிட அதிகம். முதுகு மூடி கழற்ற முடியாதது. நாங்கள் இரண்டரை வருடமாகப் பேசியது இது இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அண்ணனுக்கு ஏமாற்றமாக இருக்கும். அதனால் பெட்டியைத் திருப்பி ஒட்டி மேல்தட்டில் வைத்தேன். மகள் தினமும் கேட்டாள். கொடுத்தாகிவிட்டது என்று கூரியரின் இணையப் பக்கத்தில் காட்டுகிறதே என்றாள். சரக்கு கிடங்குக்கு வந்ததுமே சில ஊர்களில் அப்படிப் பதிந்துவிடுவார்கள், அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்றால் என்று நீளமாக விளக்கினேன். அவள் அதைப் புரிந்துகொண்டாள். பிறகும் கேட்டாள். நாளாக ஆக, அவள் பெயர் திரையில் வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கப் பழகினேன்.

அந்தப் பதினொரு நாளும் அண்ணன் வந்தார். அளந்தேன். டீ வந்தது. "இன்னும் ஆறு வாரம்தானே டாக்டர்? இதுவும் நானும் அதுவரைக்கும் தாக்குப் பிடிச்சிருவோம்" என்று டேப்லெட்டின் முதுகைத் தட்டினார். தட்டாதீர்கள் என்று சொன்னேன்.

கடைசி நாளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். மதியம் சாப்பிட்டுவிட்டு மகளோடு பேசியிருக்கிறார். சார்ஜ் குறைந்ததால் கம்பியை மாட்டி, டேப்லெட்டைத் தலையணை ஓரத்தில் சாய்த்து வைத்துப் படுத்தபடியே பேசி, அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். அது அடிக்கடி நடப்பதுதான். அப்பா தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மகள் இணைப்பைத் துண்டிப்பாளாம். அன்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் கீழ் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பியது. இரண்டு கையையும் அகல விரித்து வீசியிருக்கிறாள், உடனே நிறுத்து என்று. அவர் கண் மூடியிருந்ததால் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. சைகை மொழியில் உள்ள குறை அது ஒன்றுதான். பிறகு படம் நின்றுவிட்டது.

அவள் பக்கத்து மேஜைக்காரரை இழுத்துவந்து, எழுதிக் காட்டி, தீயணைப்பு நிலையத்துக்குப் பேச வைத்திருக்கிறாள். வேறு ஊரிலிருந்து முகவரி சொல்லிப் புரியவைக்க நேரமாயிற்று. இடையிடையே எனக்குச் செய்தி அனுப்பினாள். அண்ணன் வீடு என் கடையிலிருந்து இரண்டு தெரு. நடந்தால் ஆறு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தபோது மணி மூன்று பத்து. நெருப்பு பெரிதாக இல்லை, மெத்தையின் பஞ்சு புகைந்த புகைதான் சாவுக்குக் காரணம் என்று சொன்னீர்கள். கால் மணி நேரம் முன்னால் யாராவது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். நீங்கள் இந்தத் தாள்களை எடுத்து என் பக்கம் நகர்த்தினீர்கள். அது எனக்கும் தெரிய வேண்டியதில்லை.

நேற்று நீங்கள் கேட்டபோது, செய்திகளைத் திறக்கவில்லை, பார்சல் விஷயம் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதைத் திருத்த விரும்புகிறேன். திறக்கவில்லை என்பது சரி. மொத்தம் ஐந்து செய்திகள். முதல் செய்தி 'அண்ணா'. இரண்டாவது 'உடனே பாருங்கள்'. அதுவரை பார்சல் என்றுதான் நினைத்தேன். மூன்றாவதும் நாலாவதும் நீளமானவை, அவை மேலே முழுதாகத் தெரியாது. ஐந்தாவது ஒரே சொல். ஒரு சொல்லாக இருந்தால் போனைத் திறக்காமலே பூட்டிய திரையில் முழுதும் தெரியும்; அந்த வசதி அப்படித்தான் அமைந்திருக்கிறது. 'புகை' என்று இருந்தது. மணி இரண்டு நாற்பத்தாறு.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. என்னைவிட நன்றாக அது வேறு யாருக்குப் புரியும்? போனைக் கவிழ்த்து வைத்தேன். மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்து, புது டேப்லெட்டில் அவர் பெயரைப் போட்டு, மகளின் எண்ணை ஏற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். இடது கையால் பிடிக்கிறவர் என்பதால் பட்டன்களை அந்தப் பக்கம் மாற்றினேன். கையிலிருந்த டேப்லெட் எரிந்துபோனால் அவர் நேராக என்னிடம்தான் வருவார், வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு? நான் ஓடிப்போய், அவர் வேறு வழியாக வந்து கடை பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடக் கூடாதே என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.